ஐசியில் உள்ள முகவரி

(ஆயர் குரோவில் சமூக நலப் பணியாளர்கள், ஆலய நிர்வாகத்தினர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூர்க்காரர்களுக்கு ஆயர் குரோ என்றால் டோல் சாவடி. அதைத் தாண்டினால் மிருகக்காட்சி சாலை. நமக்கோ இது அரசாங்கம் குடியிருக்கும் ஊர். மலாக்கா மாநிலச் சட்டமன்றம் கூடும் ஸ்ரீ நெகிரி வளாகம் இங்கேதான் இருக்கிறது. 2010 ஜனவரி முதல் தேதி உருவான ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகமும் இங்கேதான். இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத புக்கிட் லிந்தாங்கில் 1896இல் தான் சாய் யான் என்பவர் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டது அதுதான் முதல் தடவை. அடுத்து அவர் புக்கிட் அசகானில் பெரிய தோட்டமே போட்டார். நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்ததற்கான காரணம் இந்த மாநிலத்து மண்ணில் முளைத்தது என்று சொன்னாலும் தவறில்லை.

ஆனால் நம் ஆட்கள் ஸ்ரீ நெகிரிக்கு எதற்காகப் போகிறார்கள்? பாரம் கொடுக்க. நகராண்மைக் கழகத்துக்கு? சம்மன் கட்ட, கடை லைசென்ஸ் புதுப்பிக்க. அங்கே முடிவெடுப்பவரைத் தேர்ந்தெடுப்பதும், எடுத்த முடிவை ஏன் என்று கேட்பதும் நம் வேலை என்ற நினைப்பு நமக்குக் குறைவு. இதை மாற்றச் சமூகப் பணியாளர் என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வாக்களிப்பது கடமை என்று பதாகை கட்டுவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பதாகையைப் படித்துவிட்டு ஓட்டுப் போடக் கிளம்பிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2018 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் 82.32 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2022 நவம்பரில் அது 73.89 ஆனது. நடுவில் 2021 நவம்பர் 20ஆம் தேதி நடந்த நம் மலாக்கா சட்டமன்றத் தேர்தலில் 65.85. நான்கு மாதங்கூட ஆகாத நிலையில், 2022 மார்ச் 12 அன்று பக்கத்து ஜொகூரில் 54.92. கொரோனா பயம் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2018இல் மக்கள் தேர்ந்தெடுத்த நம் மலாக்கா அரசு, மக்களைக் கேட்காமலேயே 2020 மார்ச்சில் கைமாறியது. 2021 அக்டோபரில் நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் முதலமைச்சருக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். ஒன்றரை மாதத்தில் தேர்தல் வந்தது. “நான் போட்ட ஓட்டு எங்கே போச்சு, ஐயா?” என்று கேட்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2022இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது இந்தக் கோபத்தின் பலன்தான்.

இளையோர் விஷயத்தில் மலாக்காவுக்கு ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 வாக்குகளோடு, ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. அதற்காகப் போராடிய ‘உண்டி 18’ இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் நம் பிள்ளை தர்மா பிள்ளை; இன்னொருவர் கைரா யுஸ்ரி. ஆனால் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 15ஆம் தேதி. மலாக்கா தேர்தல் முடிந்து இருபத்தைந்தாவது நாள்! 2022 பொதுத்தேர்தலிலோ நம் மாநிலத்தில் நாடாளுமன்றத்துக்கு மட்டுந்தான் ஓட்டு. ஆகவே 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதில் மலாக்கா சட்டமன்றத்துக்கு வாக்களித்தவர் ஒருவர்கூட இல்லை. உங்கள் சட்டமன்றத் தொகுதி எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஹங் துவா ஜெயா என்று நாடாளுமன்றத் தொகுதியைச் சொல்வார்கள். அதற்குள் பெங்காலான் பத்து, ஆயர் குரோ, புக்கிட் கட்டில், ஆயர் மோலேக் என்று நான்கு சட்டமன்றத் தொகுதிகள் இருப்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

அதே திருத்தத்தால்தான் தானியங்கிப் பதிவும் வந்தது. பதினெட்டு நிறைந்தால் பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். முன்பு கோயில் திருவிழாவிலும் சந்தையிலும் மேசை போட்டு உட்கார்ந்து, பாரம் நிரப்பிக் கொடுத்து ஆட்களைப் பதிந்தோம். இப்போது அந்த மேசைக்கு வேலை இல்லை. அதனால் நம் தொண்டர்கள் பலர் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார்கள். நான் இங்கே வந்ததே அவர்களைத் திரும்ப உட்காரச் சொல்லத்தான்.

ஏன் என்றால், பதிவுச் சிக்கல் தீர்ந்த இடத்தில் முகவரிச் சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறும்போது ஐசியில், அதாவது அடையாள அட்டையில், எந்த முகவரி இருக்கிறதோ, அந்த ஊரில்தான் ஓட்டு. நம் ஆட்களின் ஐசியை வாங்கிப் பாருங்கள். இருப்பது புக்கிட் கட்டிலில் வாடகை வீடு. ஐசியில் இருப்பது தோட்டத்து முகவரி. அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டு இருபது வருஷம் இருக்கும். லயன் வீடுகளே இன்று இருக்காது. அசகானிலும் கெமுனிங்கிலும் காடேக்கிலும் பிறந்தவர்கள் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். பெண்கள் கல்யாணமாகி மெர்லிமாவுக்கும் ஜாசினுக்கும் போனார்கள். எல்லாரும் போனார்கள், முகவரி மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது.

ஓட்டுப் போடும் நாளில் இதன் விலை தெரியும். காவலாளி வேலை பார்க்கும் ஓர் அண்ணன், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் ஓட்டிப் போய், தனக்கு யாரையும் தெரியாத பழைய ஊரில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே நிற்கும் வேட்பாளர் அவருடைய இன்றைய சாக்கடையைச் சரிசெய்யப் போகிறவரும் அல்ல. அவர் போகாமல் தூங்கினால் அதை அக்கறையின்மை என்று ஆய்வு எழுதுகிறோம்.

முகவரி மாற்ற வேண்டுமா? வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? அதைச் செய்தவர்களும் பலர் அடுத்த படியில் தவறிவிடுகிறார்கள். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் ஐசியில் முகவரியை மாற்றினால் மட்டும் தொகுதி மாறிவிடாது. தேர்தல் ஆணையத்திடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுடைய இணையத்தளத்திலேயே செய்யலாம், கைப்பேசி போதும். ஆனால் கைப்பேசியில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் வேண்டுமே? இரண்டு படி என்பதே தெரியாமல், “அதெல்லாம் மாத்தியாச்சு” என்று சொல்லிக்கொண்டு, தேர்தலுக்கு முதல் நாள் பெயரைத் தேடித் திண்டாடுகிறார்கள்.

இங்கேதான் உங்கள் இடம் வருகிறது. சமூக நல இலாகா உதவிக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவிக்கு, மாற்றுத்திறனாளி அட்டைக்கு, வீட்டு மனுவுக்கு என்று நாள் தவறாமல் ஐசியைக் கையில் வாங்குகிறவர் நீங்கள்தான். வேட்பாளருக்கும் கட்சித் தொண்டருக்கும் தேர்தல் நேரத்தில்தான் அந்த ஐசி ஞாபகம் வரும். நீங்கள் வருஷம் முழுவதும் பார்க்கிறீர்கள். அப்படி வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: “அம்மா, நீங்கள் இப்போது குடியிருப்பது இந்த முகவரியில்தானா?” இல்லை என்றால், அங்கேயே, அப்போதே அந்த இரண்டு படியையும் முடித்துக் கொடுங்கள். இன்று நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம். மீதி எல்லாம் இதைச் சுற்றியே.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் பிரான்சஸ் ஃபாக்ஸ் பிவன், ரிச்சர்டு கிளோவர்டு என்று இரண்டு அறிஞர்கள். கிளோவர்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளியில் பேராசிரியர். ஏழைகள் ஏன் ஓட்டுப் போடுவதில்லை என்று ஆராய்ந்தவர்கள், அவர்களைத் தேடி அலைவதைவிட அவர்கள் ஏற்கெனவே வந்து நிற்கும் வரிசையில், அதாவது உதவித்தொகை அலுவலகத்தில், பதிவு செய்தால் என்ன என்று கேட்டார்கள். 1983இல் அதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பத்து வருஷம் முட்டி மோதியபின் 1993இல் சட்டமே வந்தது. ஓட்டுநர் உரிமம் வாங்க வருபவரிடமும் அரசு உதவி கேட்டு வருபவரிடமும், வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்டே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். சமூகப் பணியாளரின் மேசையே ஜனநாயகத்தின் வாசல் என்பதை ஒரு நாடு சட்டமாக எழுதிக்கொண்டது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கேள்வி கேட்க யாரும் தடை சொல்லவில்லை.

ஐசியை வாங்கிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும். சிலருக்கு ஐசியே இருக்காது. சிலருக்கு அது சிவப்பு நிறத்தில் இருக்கும். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் மரம் வெட்டி, பேரன் பேத்தி எடுத்தபின்னும் குடியுரிமை இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1955இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. விடுதலைக்குப்பின் விண்ணப்பித்தவர்கள் பிழைத்தார்கள். விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாதவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள்.

புதிய தலைமுறையிலும் இந்தச் சிக்கல் முளைப்பதற்குக் கல்யாணம் ஒரு காரணம். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் திருமணச் சட்டப்படி, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமையில் தாயைப் பின்பற்றும். அப்பா மலேசியர், அம்மா மலேசியர் அல்ல என்றால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? பதினெட்டு வயதில் வாக்குச்சீட்டு கிடைப்பது இருக்கட்டும், பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடு. 2011 பிப்ரவரியில் ‘மைடஃப்தார்’ என்று பத்திரமில்லாத இந்தியர்களைப் பதியும் இயக்கம் நடந்தது. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா போன்ற அமைப்புகள் வீடு வீடாகப் போய் இந்த வேலையைச் செய்துவருகின்றன. ஆலய நிர்வாகத்தினர் இங்கே இருப்பதால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். பிறக்கப் போகும் பிள்ளையின் ஓட்டு அந்த இடத்தில்தான் காப்பாற்றப்படுகிறது.

ஓட்டு என்பது காகிதத்தில் எவ்வளவு எளிதாகப் போய்விடும் என்பதை மலையகத் தமிழரைக் கேட்டால் சொல்வார்கள். இலங்கையில் 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர் தங்கள் வாக்கால் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம், 1949இல் ஒரு தேர்தல் சட்டத் திருத்தம். அடுத்த தேர்தலில் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டப்படி முடிவு வந்தது. அதற்குப் பிறகும் தோட்டம் தனியார் நிலம் என்பதால் பிரதேச சபை அங்கே ஒரு சாலையைக்கூடப் போட முடியாத நிலை 2018 வரை நீடித்தது. தனியார் நிலம் என்ற அந்த வார்த்தை நமக்கும் பழக்கமானதுதானே?

இனிப் பணியாளர் செய்யக்கூடாதவை. நீங்கள் உதவித்தொகைப் பாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு நீங்கள்தான் அரசாங்கம். யாருக்குப் போடலாம் தம்பி என்று அவர் கேட்பார். உங்கள் மனம் கவர்ந்தவரைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினாலும் அது கட்டளையாகிவிடும். ஆகவே வேட்பாளர் பெயர் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. தேர்தல் கால அரிசி மூட்டைகள் பற்றி நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். வாக்குக்காக விருந்து வைப்பதும், மிரட்டுவதும், கையூட்டுக் கொடுப்பதும் 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டத்தில் அடுத்தடுத்த மூன்று பிரிவுகளில் குற்றமாக எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் அமைப்பின் அன்னதானமோ பள்ளிப்பை வழங்கும் விழாவோ அந்த வாரத்தில் வந்தால் தள்ளிப்போடுங்கள். வேட்பாளரை மேடையேற்றினால் மாலை மரியாதையோடு போகட்டும். உதவியை அவர் கையால் கொடுக்க விடாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பயம் என்று ஒன்று இருப்பதையும் மறக்க வேண்டாம். மாற்றிப் போட்டால் மாசாமாசம் வரும் பணம் நின்றுவிடும் என்று நம்புகிற முதியவர்கள் இருக்கிறார்கள். கூடவே போய், வாக்குச்சீட்டில் அவர்கள் பெயர் இல்லை, போட்டது யாருக்கும் தெரியாது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் காட்டி, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லிப் பழக்கினால் பாதி பயம் போய்விடும். சாலுரான் என்று சொல்கிறோமே, வாக்களிக்கும் அறை, அது வயதுவாரியாகப் பிரிக்கப்படுகிறது. மூத்தவர்களுக்கு முதல் எண். அதனால் தாத்தாவையும் பேரனையும் ஒரே வரிசையில் எதிர்பார்க்காதீர்கள். தாத்தாவைத் தனியாக விட்டுவிட்டுப் பேரன் மாடிக்குப் போய்விடுகிறான். இவர் குழம்பித் திரும்பி வந்துவிடுகிறார். பார்வையற்றவர் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. வேலைக்குப் போகிறவருக்கு இன்னொரு செய்தி: வாக்களிக்க வேண்டிய நேரத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. அதே 1954 சட்டத்தின் 25ஆவது பிரிவு. காவலாளிகளும் தொழிற்சாலை ஊழியர்களும் கேட்கத் தயங்குவார்கள். இதை ஒரு தாளில் அச்சடித்து ஷிப்ட் மேற்பார்வையாளருக்குக் கொடுக்கும் வேலையை ஒரு சங்கம் ஏற்றுக்கொள்ளலாம்.

மலாக்காவில் இந்தியர்களாகிய நாம் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர்தான். ஆறு பேர் போட்டு என்ன ஆகப் போகிறது என்று டீக்கடையில் கேட்கிறார்கள். 2021இல் ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்த தொகுதிகள் இங்கே உண்டு. அதற்குமேல் அந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் போக, மீதி நாள்களில் என்ன செய்வது? இதைச் சற்று விரிவாகப் பேச ஆசை. நம் அன்றாட வாழ்வைத் தொடும் முடிவுகளில் பெரும்பாலானவை நகராண்மைக் கழகத்தில் எடுக்கப்படுகின்றன. அதற்கு நமக்கு ஓட்டில்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்தபோது, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றார்கள். ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம் செனட்டர் ஆதி நாகப்பன். மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சியில் (ம.இ.கா.) பெரும் பொறுப்பு வகித்த வழக்கறிஞர். அவருடைய ஆணையம் 1968இல் கொடுத்த அறிக்கை, தேர்தலைத் திரும்பக் கொண்டுவருமாறு பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முடிவு கட்டியது. இன்று மாநில அரசு 8 முதல் 24 பேரைக் கவுன்சிலர்களாக நியமிக்கிறது. ஊர் தன் கவுன்சிலரைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று இந்த நாட்டில் அதிகாரபூர்வமாக எழுதிக் கொடுத்த ஆணையத்துக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கினார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1976 சட்டத்தில் ஒரு நல்ல பிரிவும் இருக்கிறது. 23ஆவது பிரிவு. கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது. கழகமே தீர்மானம் போட்டால் கதவை மூடலாம். ஆனால் பொதுவாகக் கதவு திறந்தது. அடுத்த முழுக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, நம் குடியிருப்புத் தாமானிலிருந்து நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் உட்காருங்கள். பேச அனுமதி இருக்காது. பார்க்கலாம். நம்மைப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, நகர் மற்றும் நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், அதுவும் 1976தான். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது வழிபாட்டுக்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். தோட்டம் கைமாறி, புல்டோசர் வந்து நின்றபின் கோயிலைக் காப்பாற்றுங்கள் என்று ஓடுகிறோம். அந்த நிலம் வீடமைப்புக்கு என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி ஆட்சேபத்துக்கு வைத்திருந்த வாரங்களில் நம்மில் யாராவது போய்ப் பார்த்தோமா? கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு என்று நாம் அழுத பல விஷயங்களில் அழுவதற்கு முன் ஒரு வரைபடம் இருந்திருக்கும். சமூகப் பணியாளர் அந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால், நூறு விழிப்புணர்வு முகாமுக்குச் சமம்.

குப்பையும் அரசியல்தான். சிகாகோவில் ஹல் இல்லம் என்ற சமூகப் பணி நிலையத்தை 1889இல் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ், தங்கள் வட்டாரத்தில் குப்பை அள்ளாததைப் பற்றி நகராட்சியோடு சண்டை போட்டார். 1895இல் அவரையே அந்த வட்டாரத்தின் குப்பை ஆய்வாளராக நியமித்தார்கள். விடியற்காலையில் குப்பை வண்டியின் பின்னாலேயே போனார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அம்மையார் அவர். நம் தாமான்களில் குப்பை வண்டி வராத நாளைத் தேதியோடு குறித்து வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் சங்கத்தின் அலுவலகத்தில் இருக்கிறதா?

ஓட்டுப் போடும் பழக்கம் எங்கே வருகிறது என்று யோசித்தால் எனக்கு நம் ஆண்டுக் கூட்டங்கள்தான் தோன்றுகின்றன. தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கமிட்டி தேர்ந்தெடுத்த அனுபவம் நம் தாத்தாக்களுக்கு இருந்தது. இன்று பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம், ஆலய ஆண்டுக் கூட்டம். பதிவு செய்த இடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக நடக்கிறது. பத்து நிமிடத்தில் “பழைய நிர்வாகமே தொடரட்டும்” என்று கை தட்டி முடித்து, பொங்கல் வடைக்குப் போய்விடுகிறோம். இங்கே இருக்கும் தலைவர்கள் கோபிக்கக் கூடாது. சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் தேர்தலை ஆலயத்தில் நடத்துங்கள். பதினெட்டு வயதுப் பெண்ணைத் தேர்தல் அதிகாரியாக உட்கார வையுங்கள். எண்ணிக்கையை எல்லார் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள். தோற்றவர் எழுந்து வென்றவருக்குக் கை கொடுப்பதை அந்தப் பெண் பார்க்கட்டும்.

கேள்வி நேரத்துக்கு வருகிறேன். முதல் கேள்வியை ஊகிக்க முடிகிறது: “சிவப்பு ஐசிக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு?” அவர்கள் ஓட்டுப் போட முடியாது, உண்மை. ஆனால் சாக்கடை அடைத்திருக்கிறது என்று நகராண்மைக் கழக முகப்பில் புகார் கொடுக்கும்போது யாரும் ஐசியின் நிறத்தைக் கேட்பதில்லை. பள்ளிக் கூட்டத்தில் பேரப்பிள்ளைக்காகப் பேசலாம். கழகத்தின் முழுக் கூட்டத்தில் வந்து உட்காரலாம். குடியுரிமை விண்ணப்பத்தை நீங்கள் பக்கத்தில் இருந்து நிரப்புங்கள். பதில் வர வருஷங்கள் ஆகலாம், எண்ணைக் குறித்துவைத்து விடாமல் விசாரியுங்கள். இரண்டாவது கேள்வியும் எனக்குத் தெரியும்: முகவரியை எப்போது மாற்றுவது? சட்டமன்றம் கலைந்தபின் மாற்றினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. ஆகவே நாளைக்கு உங்கள் மேசைக்கு வரும் முதல் ஆளிடமே கேளுங்கள். மற்ற கேள்விகளை நீங்கள் கேட்கலாம்.